கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்

மோட்டார் ஓட்டுகிறவனுடைய கையும் காலும் அவனுக்குச் சொந்தம். காதும் சொந்தந்தான். பாட்டுக் கேட்கலாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி சொல்வதைக் கேட்கலாம், கேட்காதது போலவும் இருக்கலாம். ஆனால் வண்டி நகர ஆரம்பித்த நிமிஷத்திலிருந்து அவனுடைய கண்கள் மட்டும் அவனுக்குச் சொந்தம் இல்லை. அவை தெருவில் போகிறவர்களுக்குச் சொந்தம். புத்தகப் பையைச் சுமந்துகொண்டு சாலையைக் கடக்க நிற்கும் சிறுமிக்கும், சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவருக்கும், நடுச்சாலையில் படுத்திருந்துவிட்டு யோசித்து யோசித்து எழுந்திருக்கும் மாட்டுக்கும் சொந்தம். அடகு வைத்த நகையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நகை நம்முடையதுதான், ஆனால் மீட்கிறவரையில் அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போக முடியாது. வண்டியை ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்தால்தான் கண்ணை மீட்டதாகக் கணக்கு.

இந்தச் சின்ன நியாயத்தை இப்போது எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் வந்துவிட்டது. ஏனென்றால் மோட்டார் கார் செய்கிறவர்கள் சில வருஷங்களாக ஒரு காரியம் செய்து வருகிறார்கள். கார்களில் பாட்டைக் கூட்டவும் குறைக்கவும், குளிர்காற்றைத் திருப்பவும், விசிறியின் வேகத்தை மாற்றவும் குமிழ்களும் பொத்தான்களும் இருந்தன அல்லவா? அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கண்ணாடித் திரைக்குள் போட்டு அடைக்கிறார்கள். தொடுதிரை என்று அதற்குப் பெயர். கை செய்துகொண்டிருந்த வேலையைக் கையிடமிருந்து பறித்துக் கண்ணின் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கண்ணோ, நான் சொன்னபடி, ஏற்கனவே அடகில் இருக்கிறது.

அதைத்தான் நான் அநியாயம் என்கிறேன். அதற்குக் காசு கொடுக்கிற நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காரில் பாட்டே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அப்படிச் சொன்னவர்கள் முன்பே இருந்தார்கள். 1930-ல் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் பால் கால்வின் என்பவரும் அவருடைய சகோதரர் ஜோசப்பும் நடத்திய சிறு கம்பெனி, 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் ரேடியோ விற்க ஆரம்பித்தது. பிற்பாடு 1947-ல் கம்பெனியே அந்தப் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டது. ரேடியோ வந்த புதிதில் அமெரிக்காவின் சில இடங்களில், இது டிரைவரின் புத்தியைக் கெடுக்கும், சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று வாதாடினார்கள். தடை வரவில்லை; ரேடியோ தங்கிவிட்டது. தங்கியதற்குக் காரணம் உண்டு. அதற்குக் காதும் இரண்டு விரலும் போதும், கண் வேண்டியதில்லை.

பழைய கார் ரேடியோவைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு ஓரத்திலும் இரண்டு குமிழ். இடது பக்கத்துக் குமிழை 'டக்' என்று திருப்பினால் ரேடியோ பாடும். மேலும் திருப்பினால் சத்தம் கூடும். வலது பக்கத்துக் குமிழ் ஸ்டேஷன் தேடுவதற்கு. நடுவில் ஆர்மோனியக் கட்டைகளைப் போல ஐந்து பொத்தான்கள். பிடித்த ஸ்டேஷனை ஒரு தடவை வைத்துக்கொண்டு, பொத்தானை வெளியே இழுத்து உள்ளே அழுத்திவிட்டால், அப்புறம் அந்தப் பொத்தான் அந்த ஸ்டேஷனுக்கே விசுவாசமாக இருக்கும். 1957-ல் விவித பாரதி ஆரம்பித்த பிறகு எத்தனையோ குடும்பங்கள் அதைக் கேட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போயின. ஓட்டுகிறவர் சாலையைப் பார்த்தபடியே இடது கையை நீட்டுவார், பாட்டு மாறிவிடும். மாறியது அவருக்கே தெரியாது என்றுகூடச் சொல்லலாம்.

யந்திரம் என்றால் எல்லாம் பழையதே நன்று என்றும் நான் சொல்ல வரவில்லை. பழையவர்களும் அசட்டுத்தனம் செய்திருக்கிறார்கள். 1956-ல் கிரைஸ்லர் கம்பெனி தன் கார்களில் இசைத்தட்டு யந்திரத்தையே வைத்து விற்றது. அதற்கென்று நிமிஷத்துக்குப் பதினாறு சுற்றுச் சொச்சம் சுற்றுகிற தனி இசைத்தட்டு! ஓடுகிற வண்டியில் குனிந்து தட்டு மாற்றுவதென்றால் என்ன கதி? சில வருஷங்களில் அது மறைந்தது. அது போனதற்கு யாரும் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. பழையதா, புதியதா என்பது என் கேள்வி அன்று. ஒரு சாதனம் கண்ணைக் கேட்கிறதா, கேட்கவில்லையா? அந்த ஒரு கேள்விதான் எனக்கு முக்கியம்.

கை எவ்வளவு படித்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நம் வீட்டுச் சமையற்கட்டில் அஞ்சறைப் பெட்டியைப் பாருங்கள். கடுகு எந்தக் கிண்ணத்தில், வெந்தயம் எந்தக் கிண்ணத்தில் என்று அம்மா பார்த்துக்கொண்டா எடுக்கிறாள்? கண் எண்ணெய்ச் சட்டியில் இருக்கிறது. கை கடுகுக்குப் போய் வருகிறது. நாதசுர வித்துவான் ஏழு துளையையும் குனிந்து பார்த்தா வாசிக்கிறார்? கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் எஃப், ஜே என்ற இரண்டு எழுத்துக் கட்டைகளின் மேல் மட்டும் ஒரு சிறு மேடு இருக்கும். ஆட்காட்டி விரல்கள் அந்த மேட்டைத் தடவித் தங்கள் இடத்தைத் தெரிந்துகொள்ளும். மற்ற எட்டு விரல்களும் அவற்றைப் பின்பற்றும். இவ்வளவு போதும் கைக்கு. ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒரு 'டக்'. எது எங்கே இருக்கிறது என்பது மாறாமல் இருந்தால், கை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடும். ஆயுள் முழுதும் மறக்காது.

கண்ணாடித் திரையில் மேடு இல்லை, பள்ளம் இல்லை. எந்த இடத்தைத் தொட்டாலும் ஒரே வழவழப்பு. பாட்டுக்கும் அதே கண்ணாடி, குளிருக்கும் அதே கண்ணாடி, டெலிபோனுக்கும் அதே கண்ணாடி. போதாததற்கு, ஒரு பக்கத்தைத் தொட்டால் இன்னொரு பக்கம் வருகிறது. அதைத் தொட்டால் மூன்றாவது. அஞ்சறைப் பெட்டியில் தினமும் யாரோ ராத்திரி வந்து கிண்ணங்களை இடம் மாற்றி வைத்தால் எப்படி இருக்கும்? மென்பொருளைப் புதுப்பித்தோம் என்று கம்பெனிக்காரர் சில சமயம் செய்வது அதுதான். வண்டி வேறு சாலையில் குலுங்குகிறது. நீட்டிய விரல் ஓர் அங்குலம் தள்ளிப் பட்டால் பாட்டுக் குறைவதற்குப் பதிலாக எங்கோ இருக்கும் ஒருவருக்கு டெலிபோன் போகிறது.

இது என்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். இந்த ஞானம் உலகத்துக்கு 1943-லேயே வந்தாயிற்று. இரண்டாவது மகாயுத்தத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரை இறங்கிவிட்டு, அப்புறம் ஓடுபாதையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு விழுந்தன. பைலட்டுகளின் அஜாக்கிரதை என்றார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் மனோதத்துவ நிபுணர் விமானத்துக்குள்ளே ஏறிப் பார்த்தார். சிறகு மடிப்பை இயக்கும் விசையும், சக்கரத்தை உள்ளே இழுக்கும் விசையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரியாக இருந்தன. களைத்துப்போன பைலட் ஒன்றை நினைத்து மற்றொன்றைத் தட்டியிருக்கிறார். சபானிஸ் செய்த வைத்தியம் மிகவும் சாமானியமானது. சக்கரத்தின் விசையில் ஒரு சின்னச் சக்கரத்தையும், மற்றதில் ஆப்பு வடிவமான ஒரு துண்டையும் பொருத்தினார். தொட்டவுடன் கைக்குத் தெரிந்தது. அந்தத் தவறு நின்றது. இன்றைக்கு நீங்கள் ஏறுகிற ஆகாய விமானத்திலும் சக்கரத்தின் நெம்புகோல் சக்கர வடிவத்தில்தான் இருக்கிறது. பைலட்டுக்கு இவ்வளவு சலுகை கொடுக்கிற உலகம், மாட்டையும் மனுஷனையும் விலக்கிக்கொண்டு போகிற டிரைவருக்கு வழவழக் கண்ணாடியைக் கொடுப்பானேன்?

சமீபத்தில் என் சிநேகிதர் ஒருவர் கார் வாங்கப் புறப்பட்டார். பாங்கியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மகன் கூட இருந்தான். என்னையும் துணைக்கு அழைத்துப் போனார்கள். கடையின் பெயர் நமக்கு வேண்டாம். எல்லாக் கடையிலும் இதே நாடகம்தான். வாசலிலேயே வரவேற்பு, காபி. விற்பனைக்கு நின்ற இளைஞர் மிகவும் மரியாதையானவர். கதவைத் திறந்ததும் அவர் முதலில் காட்டியது பிரேக்கை அல்ல, இஞ்சினை அல்ல, திரையைக் காட்டினார்.

"பத்தேகால் இன்ச் சார்! இந்த விலைக்கு வேற யாரும் குடுக்கிறதில்லை."

சிநேகிதர் மகனுடைய முகம் மலர்ந்துவிட்டது. "அப்பா, நம்ம பழைய டி.வி. மாதிரி இருக்கு பாருங்க" என்றான்.

உள்ளே எரிகிற அலங்கார விளக்கின் நிறத்தை எப்படி மாற்றுவது என்று இளைஞர் காட்டினார். ஊதா வந்தது, பச்சை வந்தது, ரோஜா நிறம் வந்தது. நான் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, மழை பெய்யும்போது முன் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படியுமே, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புவது எப்படி?" என்று கேட்டேன்.

"அது ஈஸி சார்" என்று அவர் திரையைத் தொட்டார். ஒரு படம் வந்தது. அது இல்லை. பின்னால் போனார். இன்னொன்றைத் தொட்டார். "இங்கேதான் இருக்கும் சார்... அப்டேட் வந்ததிலே கொஞ்சம் மாத்திட்டாங்க" என்றார். மூன்றாவது தடவையில் அகப்பட்டது.

நாள் முழுதும் அந்தக் காரோடு குடித்தனம் நடத்துகிறவர் அவர். வண்டி நின்றுகொண்டிருக்கிறது. கடையில் பகல் போல் வெளிச்சம். அவருக்கே மூன்று தடவை ஆயிற்று. ஐப்பசி மாதத்து இரவு ஒன்பது மணிக்கு, மதுராந்தகத்தைத் தாண்டி, அடைமழையில், எதிரே பஸ்ஸின் விளக்கு முகத்தில் அடிக்க, பின் ஸீட்டில் நாலு பேர் விட்ட மூச்சுக் காற்றெல்லாம் கண்ணாடியில் படிந்து வெள்ளைத் திரை போட்டிருக்கும்போது, என் சிநேகிதர் எத்தனை தடவை தொட வேண்டும்? அந்தச் சமயத்தில் அவருக்கு வேண்டியது ஒரே ஒரு குமிழ். கையை நீட்டித் திருப்பினால் வறண்ட காற்று கண்ணாடியின் மேல் அடித்து, சற்று நேரத்தில் பார்வை துலங்கும். பார்வை போய்விட்டது என்பதற்காகத்தான் அவர் அதைத் தேடுகிறார். தேடுவதற்கே பார்வை வேண்டும் என்றால், இது என்ன நியாயம் ஐயா?

கணக்கும் கொஞ்சம் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. இரண்டு விநாடி குனிந்தால் 33 மீட்டர். நம் கடைத்தெருவில் அது பத்துக் கடை வாசல். அந்தப் பத்துக் கடை வாசலையும் அந்தக் கார் குருடாகக் கடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்வீடன் தேசத்தில் 'வி பீலேகரே' என்ற மோட்டார் பத்திரிகை 2022-ல் இதை அளந்தே காட்டியது. பதினொரு புதுக் கார்கள்; ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 2005-ல் செய்த ஒரு பழைய வால்வோ. ஒரு விமானத் தளத்தில், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே சில சாதாரண வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். சூட்டைக் கொஞ்சம் கூட்டுவது, முன் கண்ணாடியின் ஆவியைப் போக்குவது, ரேடியோவில் ஒரு குறிப்பிட்ட ஸ்டேஷனை வைப்பது, விளக்கைத் தணிப்பது, இந்த மாதிரி. ஓட்டுகிறவர்களுக்கு வண்டியைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே அவகாசமும் கொடுத்தார்கள். பொத்தான் வைத்த பழைய வால்வோவில் எல்லா வேலையும் 10 விநாடியில் முடிந்தது. அதற்குள் கார் 306 மீட்டர் போயிருந்தது. புதுக் கார்களில் மிகவும் மோசமானதில் அதே வேலைகளுக்கு ஏறக்குறைய 45 விநாடி; கார் போன தூரம் 1,372 மீட்டர். ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவு! பதினேழு வருஷத்து முன்னேற்றத்தின் பலன் இது.

கப்பற்படைக்காரர்களும் இதே பாடத்தைப் படித்தார்கள், மிகவும் பெரிய விலை கொடுத்து. 2017 ஆகஸ்டு 21-ந் தேதி விடியற்காலையில், ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்க யுத்தக் கப்பல் சிங்கப்பூருக்கு அருகே ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. 10 மாலுமிகள் இறந்தார்கள். அந்தக் கப்பலின் சுக்கானையும் வேகத்தையும் தொடுதிரையில் இயக்கும்படி அமைத்திருந்தார்கள். எந்தத் திரையிலிருந்து எது இயங்குகிறது என்பதில் குழப்பம் வந்து, கப்பல் தங்கள் கைக்குக் கட்டுப்படவில்லை என்றே அவர்கள் எண்ணிவிட்டார்கள். பயிற்சி போதாமை, தூக்கமின்மை முதலிய வேறு காரணங்களும் இருந்தன. திரையின் அமைப்பும் ஒரு காரணம் என்று விசாரணையில் வெளியாயிற்று. 2019-ல் அந்தக் கப்பற்படை, இந்த வகைக் கப்பல்களில் வேகத்துக்குக் கையால் தள்ளுகிற நெம்புகோலையே மறுபடி வைக்கப்போவதாக அறிவித்தது. கடலில் மாடு குறுக்கே வருவதில்லை. அங்கேயே இப்படி!

அப்படியானால் இந்தத் திரை ஏன் வந்தது? இது நேற்று முளைத்த யோசனையும் அன்று. 1986-லேயே அமெரிக்காவில் ப்யூக் ரிவியெரா என்ற காரில் பச்சை எழுத்துத் தெரிகிற தொடுதிரையை வைத்தார்கள். வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள், சில வருஷங்களில் அதை எடுத்துவிட்டார்கள். 2012-ல் டெஸ்லா கம்பெனி 17 அங்குலத் திரையை நட்டுக்குத்தாக நிறுத்திக் காட்டிய பிறகு மற்றவர்களுக்கும் ஆசை பிறந்தது. ஆசைக்குப் பின்னால் ஒரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் அச்சு, ஒரு கம்பி, ஒரு பரிசோதனை, பொருத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும். இருபது பொத்தான்களை நீக்கிவிட்டு ஒரு திரையை மாட்டினால் அவ்வளவும் மிச்சம். பின்புறக் காமிராவுக்காகத் திரை எப்படியும் வேண்டியிருக்கிறது. மற்றதையும் அதிலேயே ஏற்றிவிட்டால் போகிறது!

வியாபாரி செலவைக் குறைப்பதை நான் குற்றம் சொல்லவில்லை. அது அவர் தர்மம். ஆனால் குறைத்த செலவை 'ஆடம்பரம்' என்று பெயர் சூட்டி நம்மிடமே கூடுதல் விலைக்கு விற்கிறாரே, அதை வாங்கிக்கொண்டு நாம் பெருமைப்படுகிறோமே, அதற்கு யாரைக் குற்றம் சொல்வது? புதுக் கார் வந்ததும் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து உட்கார வைத்துத் திரையைக் காட்டுகிறோம். அவரும், "எத்தனை இன்ச்?" என்று கேட்கிறார். பிரேக் எத்தனை தூரத்தில் நிறுத்தும் என்று எந்தப் பக்கத்து வீட்டுக்காரராவது கேட்டதுண்டா? நம்முடைய மத்தியதரக் குடும்பங்களில் வரவேற்பறையில் டி.வி.க்குக் கிடைத்த ஸ்தானத்தை இப்போது காருக்குள்ளும் கொண்டு வந்து வைத்துவிட்டோம். வித்தியாசம் என்னவென்றால், வரவேற்பறை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதில்லை.

எதிர்வாதங்களைக் கேட்டுத்தான் இருக்கிறேன். "வாயால் சொன்னால் போதுமே, காரே செய்துவிடுமே" என்பது ஒன்று. செய்யும், நீங்கள் இங்கிலீஷை அதற்குப் பிடித்த மாதிரி உச்சரித்து, பின் ஸீட்டில் குழந்தை அழாமல், வெளியே லாரி ஹாரன் அடிக்காமல் இருந்தால் செய்யும். இல்லாவிட்டால், "மன்னிக்கவும், புரியவில்லை" என்று அது சொல்ல, நாம் மறுபடி சொல்ல, வண்டிக்குள் ஒரு புது மாமியார் - மருமகள் வழக்கு ஆரம்பமாகிறது. "ஸ்டியரிங்கிலேயே பாட்டுக்குப் பொத்தான் இருக்கிறதே" என்பது இன்னொன்று. நல்லது, அது பொத்தான்தான். என் கட்சிக்கே சாட்சி சொல்கிறது. ஆனால் குளிர்காற்றுக்கும் கண்ணாடி ஆவிக்கும் எத்தனை வண்டியில் அங்கே பொத்தான் இருக்கிறது? "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் திரை பழக்கம்" என்பது மூன்றாவது. பிள்ளைகள் கையில் டெலிபோனை வைத்துக்கொண்டு நடக்கும்போது தூணில் முட்டிக்கொள்வதை நாம் பார்க்கவில்லையா? பழக்கம் இருப்பது கண்ணுக்கும் விரலுக்கும் சேர்த்து. கண் இல்லாமல் அந்த விரலுக்கு ஒன்றும் தெரியாது.

திரையே வேண்டாம் என்பதும் என் கட்சி அன்று. பின்பக்கம் வண்டியை எடுக்கும்போது சக்கரத்துக்கு அருகே குழந்தை விளையாடுகிறதா என்று காமிரா காட்டுகிறதே, அதற்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம். வழி காட்டும் படத்துக்கும் திரை வேண்டும். பார்க்க வேண்டிய பொருளைத் திரையில் காட்டட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டிய வேலையைக் கைக்கு விட்டுவிடட்டும். இதற்கு மேல் நான் கேட்கவில்லை.

சட்டத்தின் நிலைமையைப் பாருங்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, கையில் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டினால் முதல் தடவையே 1,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைவாசமும் விதிக்கலாம். மிகவும் நியாயம். உள்ளங்கை அகலமுள்ள அந்தத் திரையைப் பார்ப்பது குற்றம். அதைப்போல் மூன்று மடங்கு அகலத் திரையை டாஷ்போர்டில் பதித்து, அதைப் பார்க்காமல் விசிறியைக்கூடக் குறைக்க முடியாதபடி செய்து விற்றால், அது வசதி! போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்து, "நல்ல கார் சார்" என்று சொல்லி அனுப்புவார். அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு இலாகா 2013-லேயே கார் கம்பெனிகளுக்கு ஒரு யோசனை சொன்னது. சாலையிலிருந்து கண்ணை எடுப்பது ஒரு தடவைக்கு இரண்டு விநாடியை மீறக்கூடாது. ஒரு வேலை முழுவதற்கும் பன்னிரண்டு விநாடியை மீறக்கூடாது என்று. அது வெறும் யோசனை, சட்டமல்ல. அந்த இரண்டு விநாடியும் அவர்களுடைய சாலைக்குச் சரி. எதிர்ப்பக்கமாக ஸ்கூட்டர் வருகிற நம்முடைய சாலைக்கு அதுகூட மிக அதிகம்.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் விபத்தில் இறந்ததாக அரசாங்கக் கணக்குச் சொல்கிறது. அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடுதான் எல்லா ராஜ்யங்களுக்கும் முதலாவது: 64,105. இதற்கெல்லாம் திரைதான் காரணம் என்று நான் சொன்னால் அது புளுகு. வேகம், குடி, தலைக்கவசம் இல்லாமை, குண்டும் குழியுமான சாலை என்று காரணங்கள் நிறைய உண்டு. ஆனால் இவ்வளவு பேர் சாகிற ஒரு தேசத்தில், டிரைவரின் கண்ணைச் சாலையிலிருந்து இழுக்கிற இன்னொரு காரணத்தை, நாமாகவே காசு கொடுத்து வாங்கி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குக் கொண்டு வரவேண்டுமா?

திரையை ஆரம்பித்து வைத்த சீமைக்காரர்களே இப்போது திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் வடிவமைப்புத் தலைவர் ஆண்ட்ரியாஸ் மிண்ட், 2025 மார்ச்சில், பொத்தான்களை எடுத்தது தங்கள் பிசகு என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். இனி வரும் வண்டிகளில் பாட்டின் சத்தத்துக்கும், இரண்டு பக்கத்துச் சூட்டுக்கும், விசிறிக்கும், அபாய விளக்குக்கும் திரைக்குக் கீழே நிஜமான பொத்தான்கள் இருக்கும் என்றார். கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கிற ஐரோப்பிய ஸ்தாபனமான யூரோ என்கேப், 2026 முதல், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், அபாய விளக்கு, ஆபத்து அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே கைக்கு எட்டும் பொத்தானோ விசையோ இல்லாத வண்டிக்கு மதிப்பெண் குறையும் என்று விதி செய்திருக்கிறது. நம் நாட்டிலும் 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்ற நட்சத்திர முறை நடக்கிறது. மோதிய பிறகு எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று பார்ப்பதோடு, மோதாமல் இருப்பதற்கு டிரைவரின் கண்ணுக்கு என்ன மரியாதை கொடுத்திருக்கிறார்கள் என்றும் அங்கே பார்க்கட்டும். அந்த ஐந்தோடு, மழை பெய்கிற நம் தேசத்துக்காக, கண்ணாடி ஆவியைப் போக்குகிற பொத்தானையும் சேர்க்கட்டும். பாட்டின் சத்தத்துக்கு ஒரு குமிழையும் சேர்த்தால் நான் அவர்களை வாழ்த்துவேன்.

அதுவரையில் சர்க்காரை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பணம் நம் பையில் இருக்கிறது. வியாபாரிக்குப் புரிகிற பாஷை அதுதான். அடுத்த தடவை நீங்கள் கார் பார்க்கப் போனால் ஒரு காரியம் செய்யுங்கள். டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்து, ஐந்து நிமிஷம் எல்லாவற்றையும் தொட்டுப் பழகிக்கொள்ளுங்கள். அப்புறம் கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள். கண்ணைத் திறக்காமல் பாட்டைக் குறையுங்கள். விசிறியைக் கூட்டுங்கள். காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். வைப்பரைப் போடுங்கள். அபாய விளக்கை எரிய விடுங்கள். கடைக்காரர் விசித்திரமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். செய்ய முடிந்ததா? வண்டியை வாங்குங்கள். முடியவில்லையா? எத்தனை அங்குலம் என்றாலும் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்; ஏன் வாங்கவில்லை என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். காரை மட்டும் அப்படியே வாங்குங்கள். ஓட்டும்போது கண் திறந்திருக்க அது ஒன்றுதான் வழி.